மார்கழியில் ஓடும் ஓவர்கிளாக் சித்திரையில் ஓடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கணினி இணைப்பில், வீட்டுக் கம்ப்யூட்டரின் பிராசஸரை (கணக்குப் போடும் முக்கியச் சிப்பை) ஓவர்கிளாக் செய்து, அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓடவிட்டு, பைசா செலவில்லாமல் வேகம் கூட்டுவது எப்படி என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. காரைக்குடியில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அந்த வாரமே பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு பையன்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். "அண்ணே, இதுல போட்டிருக்கிற மாதிரி நம்ம சிஸ்டத்துலயும் ஏத்திக் குடுங்க" என்கிறார்கள். தமிழில் இதை எழுதத் துணிந்ததற்கு நன்றி. ஆனால் கட்டுரை முழுக்கத் தேடியும் அறையின் வெப்பநிலை பற்றி ஒரு வரி கிடைக்கவில்லை. குளிர் நாட்டில் உட்கார்ந்து எழுதுகிறவர் அதை விட்டுவிடலாம். சிவகங்கை மாவட்டத்தில் விற்கிற பத்திரிகை விடலாமா? அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், வெட்ட வேண்டியிருந்தால் வேறு எதையாவது வெட்டுங்கள், வெயில் பற்றிய பகுதியை மட்டும் விட்டுவையுங்கள்.

முதலில் படத்தைப் பற்றி. கட்டுரையோடு அச்சிட்டிருந்தது ஏ520 சிப்செட் வைத்த மதர்போர்டு (பிராசஸரும் ராமும் பொருந்தும் பலகை). அதில் பிராசஸரை ஓவர்கிளாக் செய்யவே முடியாது. ஏஎம்டியின் ரைசன் சிப்புகளில் பெரும்பாலானவை வேகத்துக்குப் பூட்டில்லாமல்தான் வருகின்றன, ஆனால் மதர்போர்டு பி அல்லது எக்ஸ் வரிசையாக இருக்க வேண்டும். இன்டெல்லில் இன்னும் கறார். சிப்பின் எண்ணுக்குப் பின்னால் 'கே' என்ற எழுத்து இருக்க வேண்டும், மதர்போர்டும் இசட் வரிசையாக இருக்க வேண்டும். பி660 போன்ற போர்டுகளில் ராம் வேகத்தைக் கூட்டலாம்; பிராசஸரின் வேகத்தைப் பொதுவாகத் தொட முடியாது. எங்கள் பக்கம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் கம்பெனிகள் கழித்துவிட்ட செகண்ட் ஹேண்ட் ஐ5 பெட்டிகள். அவற்றில் கே கிடையாது. லேப்டாப் என்றால் அநேகமாக எதிலும் முடியாது. முடிந்தாலும் அந்தச் சின்ன உடம்புக்குள் வெப்பம் போக வழியில்லை. கத்தரித்த தாளோடு கடைக்கு வந்தவர்களில் பெரும்பாலானோரை இந்த ஒரு விவரத்தைச் சொல்லியே திருப்பி அனுப்பினேன். அவர்களுடைய கம்ப்யூட்டர் மெதுவாக இருப்பதற்குக் காரணம் பழைய ஹார்ட் டிஸ்க். அதைக் கழற்றிவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போட்டால் பிராசஸரைத் தொடாமலே ஆள் மாறிவிடும்.

சரி, கே சிப்பும் இசட் போர்டும் உண்மையாகவே வைத்திருப்பவர்களுக்கு வருகிறேன்.

பிராசஸரின் வேகம் இரண்டு எண்களைப் பெருக்கி வருவது. அடிப்படைக் கடிகாரம் 100 மெகாஹெர்ட்ஸ், பெருக்கெண் 40 என்றால் 4 கிகாஹெர்ட்ஸ். ஓவர்கிளாக் என்பது அந்த 40ஐ 42, 44 என்று ஏற்றுவது. அடிப்படைக் கடிகாரத்தையும் ஏற்றலாம் என்று தங்கள் கட்டுரை சொல்கிறது. தயவுசெய்து அதை நம்ப வேண்டாம். பல போர்டுகளில் ராம், கிராபிக்ஸ் கார்டு, டிஸ்க் எல்லாம் அந்த ஒரே கடிகாரத்தைப் பார்த்துத்தான் நடக்கின்றன. அதை இழுத்தால் டிஸ்க்கில் எழுதும்போதே தகவல் கெடக்கூடும். 1998இல் வந்த செலரான் 300ஏ சிப்பில் பெருக்கெண் 4.5 என்று பூட்டியிருந்ததால் வேறு வழியில்லாமல் கடிகாரத்தையே 66இலிருந்து 100க்கு ஏற்றினார்கள். 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450இல் ஓடியது. ஓவர்கிளாக் என்றாலே பழைய ஆட்கள் இன்றும் அதைத்தான் சொல்வார்கள். அந்தக் காலத்தில் கம்பெனி நிறைய மிச்சம் வைத்து விற்றது. இன்று டர்போ, பூஸ்ட் என்று சிப்பே தன் எல்லைக்குப் பக்கம் வரை தானாக ஏறிக்கொள்கிறது. நமக்கு விட்டுவைத்திருப்பது கொஞ்சம்தான்.

அந்தக் கொஞ்சத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. சிப் செலவழிக்கும் மின்சாரம், வேகத்தோடு நேராகவும் வோல்டேஜோடு இருமடிப் பெருக்கமாகவும் கூடும். 4 கிகாஹெர்ட்ஸ், 1.20 வோல்ட்டில் ஓடும் சிப்பை 4.4க்கு ஏற்ற 1.32 வோல்ட் தேவைப்பட்டது என்று வையுங்கள். வேகம் பத்து சதவீதம்தான் கூடியது. வோல்டேஜும் பத்து சதவீதம். ஆனால் 1.1ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள், 1.33 வருகிறது. வெப்பம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. பத்தாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு இது, கட்டுரையில் ஒரு பெட்டி கட்டிப் போட்டிருக்கலாம்.

இப்போது வெயிலுக்கு வருகிறேன். "முழு வேலை கொடுக்கும்போது 80 டிகிரிக்குள் இருந்தால் பாதுகாப்பு" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த அறையில், எந்த மாதத்தில்? ஹீட்சிங்க்கும் (சிப்பின் மேல் உட்காரும் உலோகத் தகடுகள்) ஃபேனும் சிப்பின் வெப்பத்தை அறைக் காற்றுக்குக் கடத்தத்தான் முடியும், அறையைவிடக் குளிர்விக்க முடியாது. தண்ணீர் ஓடும் லிக்விட் கூலருக்கும் இதே விதிதான். விலை அதிகம் என்பதற்காக அது அறையைவிடக் குளிர்ந்துவிடாது. ஆகவே அறை 25 டிகிரியில் இருக்கும்போது சிப் 75 காட்டினால், அறை 38 ஆகும்போது சிப் 88க்குப் பக்கத்தில் நிற்கும். சூடான சிப் மின்சாரத்தை இன்னும் கொஞ்சம் அதிகமாகக் கசியவிடும் என்பதால் சற்றுக் கூடவும் போகலாம். பல இன்டெல் சிப்புகளுக்கு 100 டிகிரியும் ரைசன் 7000 வரிசையில் பலவற்றுக்கு 95 டிகிரியும் எல்லை. எல்லையைத் தொட்டதும் சிப் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் அடங்காவிட்டால் கம்ப்யூட்டர் பட்டென்று நின்றுவிடும்.

தேவகோட்டையில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஒரு தம்பி இப்படித்தான் மாட்டிக்கொண்டார். மார்கழியில், இரவில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஓவர்கிளாக் செய்திருக்கிறார். எல்லா டெஸ்ட்டும் பாஸ். சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் வந்து வேலை குவிந்தபோது, ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக உருவாக்கும் வேலை) முன்பு ஓவர்கிளாக் இல்லாமல் ஓடியதைவிட அதிக நேரம் இழுத்தது. வைரஸ் என்று சந்தேகப்பட்டுப் பெட்டியைத் தூக்கி வந்தார். திறந்து, ஓடவிட்டுப் பார்த்தால் சிப் எல்லையில் முட்டிமுட்டி, கம்பெனி கொடுத்த வேகத்துக்கும் கீழே இறங்கிக் கிடக்கிறது. அவர் வேலை செய்யும் அறை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே. பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேனை வேறு பெட்டியைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தாராம். அந்த அறையில் அது அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து விசிறிக்கொள்வது போலத்தான். வோல்டேஜைப் பழைய அளவுக்கு இறக்கி, பெட்டியைக் கீழ்வீட்டுக்கு மாற்றச் சொன்னேன். வேலை நடக்கிறது.

கீழ்வீடு என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் ஊர்ப்பக்கத்துப் பழைய வீடுகளில் வளவைச் (வீட்டு நடுவில் உள்ள முற்றத்தை) சுற்றியிருக்கும் அறைகளின் சுவர் கனம், சுண்ணாம்புப் பூச்சு, கூரை உயரம். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே அவ்வளவு உறைக்காது. கம்ப்யூட்டருக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் அந்த அறைகளில் ஜன்னல் சிறிது, சிலவற்றில் ஜன்னலே இல்லை. ஓவர்கிளாக் செய்த பெட்டி 250 வாட் இழுக்கிறது என்றால், அந்த 250 வாட்டும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் வந்து இறங்குகிறது. தூசிக்குப் பயந்து கதவைச் சாத்திவிட்டு இரண்டு மணி நேரம் கேம் ஆடினால் குளிர்ந்த அறையும் புழுங்கிவிடும். கதவு வளவைப் பார்த்துத் திறந்திருக்கட்டும். ஐப்பசி மழையில் முற்றத்துச் சாரல் எட்டாத தூரத்தில் பெட்டி இருக்கட்டும். ஆத்தங்குடிக் கல் தரை குளிர்ச்சியாக இருக்கிறதே என்று பெட்டியைத் தரையிலேயே வைக்கிறார்கள். கூட்டும்போது தூசியும் துடைக்கும்போது ஈரமும் நேரே எஸ்எம்பிஎஸ் என்ற மின்சப்ளைப் பெட்டிக்குள் போகும். ஒரு பலகை போட்டு உயர்த்தி வைத்தால் போதும். காற்று போகட்டும் என்று பக்கத்துத் தகட்டைக் கழற்றிப் போட்டுவிடுகிறவர்களும் உண்டு. உள்ளே செத்துக் கிடந்த பல்லியை எடுத்துக் காட்டினால்தான் திரும்ப மாட்டுகிறார்கள். ஈரக்காற்றை ஊதும் ஏர் கூலரைப் பெட்டிக்கு நேராகத் திருப்பி வைக்கவே கூடாது.

பள்ளத்தூரில் ஒரு வீட்டு ஆச்சி, பேரனுடைய கம்ப்யூட்டரைப் பார்க்கப் போனபோது என்னிடம் கேட்டார்கள்: "ஏன் தம்பி, அந்தப் பெட்டி ராத்திரி பூராம் இரையுது, அதுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?" ஆச்சி கேட்டதுதான் சரியான கேள்வி. ஃபேன் எப்போதும் உச்சத்தில் இரைகிறது என்றால் குளிர்விக்கும் திறனில் மிச்சம் ஒன்றுமில்லை என்று பொருள். அதற்கு மேல் ஏற்றுவதற்கு இடமில்லை.

அடுத்தது வோல்டேஜ். மதர்போர்டில் இருக்கும் 'ஆட்டோ ஓவர்கிளாக்' பொத்தானை அழுத்தினால் போதும், ஐந்து நிமிட வேலை என்று எழுதியிருந்தது. அந்தப் பொத்தானுக்கு உங்கள் சிப்பையும் தெரியாது, உங்கள் ஊரையும் தெரியாது. சிஸ்டம் நிற்காமல் ஓட வேண்டும் என்பதற்காகத் தேவைக்கு மேலே வோல்டேஜ் கொடுத்துவிடுவது அதன் வழக்கம். 2023இல் சில ரைசன் 7000 சிப்புகள் கருகிப்போன செய்தி பலருக்கு நினைவிருக்கும். ராமுக்கு எக்ஸ்போ என்ற வேகக்கூட்டல் அமைப்பைப் போட்டதும் சில போர்டுகள் சிப்பின் எஸ்ஓசி வோல்டேஜை (சிப்பில் ராமைக் கட்டுப்படுத்தும் பகுதிக்குப் போகும் வோல்டேஜை) அளவுக்கு மேல் ஏற்றியிருந்தன. பிறகு ஏஎம்டி அதற்கு 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு வைத்தது. இன்டெல் கதை இன்னும் பெரிது. 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள் பல, யாரும் ஓவர்கிளாக் செய்யாமலே தடுமாறத் தொடங்கின. வோல்டேஜ் அதிகமாகப் போனதுதான் காரணம் என்று 2024இல் கம்பெனியே சொல்லி, பயாஸ் (மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) வழியாக மைக்ரோகோடு (சிப்புக்குள் இருக்கும் கட்டளைகள்) திருத்தம் கொடுத்தது, வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டியது. ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பைத் திருத்தம் சரிசெய்யாது என்பதையும் சேர்த்தே சொன்னது. அந்தத் தலைமுறைச் சிப் வைத்திருப்பவர் ஓவர்கிளாக் பற்றி நினைப்பதற்கு முன் பயாஸை அப்டேட் செய்ய வேண்டும். பயாஸ் அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் போர்டே படுத்துவிடலாம். யுபிஎஸ் இல்லாமல் அதில் கை வைக்க வேண்டாம்.

வோல்டேஜ் ஏன் சிப்பைக் கெடுக்கிறது என்பதைக் காரைக்குடிப் பிள்ளைகளுக்குச் சொல்வது எளிது. 1953இலிருந்து மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிற ஊர் இது, துருப்பிடிப்பதைக்கூட இங்கே பாடமாகப் பேசுவார்கள். சிப்புக்குள் இருக்கும் உலோகக் கம்பிகள் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியவை. அளவுக்கு மீறிய மின்னோட்டமும் சூடும் சேர்ந்தால், ஓடும் எலெக்ட்ரான்களே உலோக அணுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக இடம்பெயர்த்துவிடும். ஓரிடத்தில் கம்பி மெலிந்து அறும், இன்னோரிடத்தில் அணுக்கள் குவியும். வோல்டேஜ் கூடினால் டிரான்சிஸ்டரின் காப்புப் படலமும் தேயும். இது புகை விட்டு நடக்கிற காரியமில்லை. போன வருஷம் 1.30 வோல்ட்டில் ஓடிய சிப் இந்த வருஷம் அதே வேகத்துக்கு 1.33 கேட்கும், அவ்வளவுதான் தெரியும். அந்தச் சேதத்துக்கு வாரண்டியும் பொதுவாகக் கிடைக்காது.

வீட்டு மின்சாரத்தைக் கட்டுரை கண்டுகொள்ளவே இல்லை. வீடுகளில் அதிகம் விற்கும் 600 விஏ யுபிஎஸ் உண்மையில் 360 வாட் அளவுக்குத்தான் தாங்கும். ஓவர்கிளாக் செய்த பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு, மானிட்டர் எல்லாம் சேர்ந்தால் கரண்ட் போன அந்த நொடியில் ஓவர்லோடு என்று கத்திவிட்டு அணைந்துவிடும். கேபினட்டோடு சேர்த்து மலிவாகக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் 450 வாட் என்று ஒட்டியிருப்பதையும் நம்ப வேண்டாம். 80 பிளஸ் என்ற மின்சிக்கன முத்திரை உள்ளதாக, நல்ல கம்பெனியுடையதாக இல்லாவிட்டால் ஓவர்கிளாக் ஆசையையே விட்டுவிடலாம். அப்புறம் எர்த். பழைய வீடுகளில் மரப்பட்டையில் ஓடும் வயரிங்கில் எர்த்தே இல்லாத பிளக் பாயிண்ட்டுகள் இன்னும் இருக்கின்றன. கேபினட்டைத் தொட்டால் விறுவிறு என்கிறது என்பார்கள். எர்த் இருக்கும் வீட்டிலும் எங்கள் செம்மண் கோடையில் காய்ந்து இறுகிவிடும், காய்ந்த மண்ணில் எர்த் சரியாகப் பிடிக்காது. எர்த் குழியில் தண்ணீர் ஊற்றுகிற பழக்கம் பெரியவர்களோடு போய்விட்டது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இவ்வளவும் சரியாக இருக்கிறவர்கள் செய்யலாம். செய்யக்கூடாது என்று நான் சொல்லவில்லை. நன்றாக அமைந்த ஓவர்கிளாக் பார்க்க எனக்கும் சந்தோஷம்தான். முதல் வேலை, டிஸ்க்கில் இருக்கிற கல்யாண ஆல்பம், புராஜெக்ட் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து வைப்பது. பிறகு தூசி தட்டி, பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புது தெர்மல் பேஸ்ட் (சிப்புக்கும் கூலருக்கும் நடுவே வெப்பம் கடத்தும் பசை) வைத்து, எதையும் மாற்றாமல் அப்படியே சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனையை ஓடவிட்டு வெப்பநிலையையும் வோல்டேஜையும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இன்டெல்லின் கே சிப்புகள் பெரும்பாலும் கூலர் இல்லாமல்தான் வருகின்றன, உயரமான டவர் கூலர் ஒன்றை வாங்கித்தான் ஆக வேண்டும். பயாஸில் பெருக்கெண்ணை ஒன்று மட்டும் ஏற்றுங்கள், வோல்டேஜைத் தொடாதீர்கள். பத்து நிமிடம் டெஸ்ட். தாங்கினால் இன்னொன்று. எங்கே தடுமாறுகிறதோ அங்கே வோல்டேஜை 0.01, 0.02 என்று சிறிதாகக் கூட்டிப் பாருங்கள், இல்லையென்றால் ஒரு படி இறங்கிவிடுங்கள். நான் இறங்கிவிடுகிற கட்சி. வோல்டேஜே கூட்டாமல் கிடைக்கிற வேகம்தான் சும்மா கிடைத்த வேகம்.

விண்டோஸ் திறந்துவிட்டது, கேம் ஓடுகிறது என்பதெல்லாம் சான்று ஆகாது. சிப்புக்கு முழு வேலை கொடுக்கும் பிரைம்95 அல்லது ஓசிசிடி மென்பொருள் சில மணி நேரம் ஓட வேண்டும். விண்டோஸின் ஈவன்ட் வியூவர் என்ற பதிவேட்டில் 'டபிள்யூஎச்இஏ' என்று எச்சரிக்கை விழுந்திருந்தால், கம்ப்யூட்டர் நிற்காவிட்டாலும் சிப் உள்ளே பிழை செய்து திருத்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ராமின் வேகத்தையும் மாற்றியிருந்தால் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 தனியாக ஓட்ட வேண்டும். இந்த டெஸ்ட்டுகளைக் கடைசியாக ஒரு முறை சித்திரை மாத மதியத்தில், ஏசி போடாமல், கம்ப்யூட்டர் எந்த அறையில் இருக்கப் போகிறதோ அதே அறையில் செய்யுங்கள். அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்றால் மார்கழியில் 70 டிகிரியைத் தாண்டவிடாதீர்கள். எங்கள் ஊரில் மார்கழி இரவுக்கும் சித்திரை மதியத்துக்கும் மாடி அறையில் பதினைந்து டிகிரி வித்தியாசம் சாதாரணம்.

இன்னொரு வழியும் உண்டு. எங்கள் பக்கத்துக்கு அதுதான் பொருத்தம் என்பது என் கருத்து. வேகத்தை ஏற்றாமல் வோல்டேஜை மட்டும் இறக்குவது. புதிய ரைசன் சிப்புகள் பலவற்றுக்கு 'கர்வ் ஆப்டிமைசர்' என்று பயாஸில் இருக்கும், அதில் மைனஸ் 5, மைனஸ் 10 என்று படிப்படியாக இறக்கி அதே டெஸ்ட்டுகளை ஓட்ட வேண்டும். சிப் குளிர்ந்து ஓடும், குளிர்ந்து ஓடுவதால் பூஸ்ட் வேகத்தில் அதிக நேரம் நிற்கும், ஃபேன் இரைச்சலும் குறையும். தேவகோட்டைத் தம்பிக்கு இப்போது போட்டுக் கொடுத்திருப்பதும் இதுதான். இதைப் பற்றித் தங்கள் இணைப்பில் ஒரு கட்டுரை போட்டால் நான்கைந்து பேராவது கடை ஏறி இறங்குவது மிச்சமாகும்.

கட்டுரையைப் படித்துவிட்டு ஏற்கெனவே செய்து பார்த்து, திரை கறுத்துப் போய் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதையும் சேர்த்துப் போடுங்கள். பயப்பட வேண்டாம், பெரும்பாலும் சிப் போயிருக்காது. பல போர்டுகள் சில முறை அணைந்து அணைந்து எரிந்துவிட்டுத் தானாகவே பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும், கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள். திரும்பாவிட்டால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்குங்கள். மதர்போர்டில் காசு வடிவத்தில் சிஆர்2032 பேட்டரி இருக்கும். அதைக் கழற்றிப் பத்து நிமிடம் கழித்துப் போடுங்கள். போர்டு புத்தகத்தில் 'கிளியர் சீமாஸ்' என்று குறித்திருக்கும் இரண்டு பின்களை ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையால் சில நொடி தொட்டாலும் போதும். பயாஸில் தேதி, நேரம், முன்பு மாற்றி வைத்திருந்த மற்ற அமைப்புகள் எல்லாவற்றையும் மறுபடி வைக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவர்,
காரைக்குடி.